வாசகர் கேள்வி பதில்: எல்லையில் வாழ்பவர்கள் செவிலியர் படிப்புக்கு எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது?

பிளஸ் டூ தேர்வு நெருங்கும் இந்த நாட்களில், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களிலிருந்தும் செங்கோட்டைப் பக்கத்திலிருந்தும் செவிலியர் படிப்பைப் பற்றிய கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலோர் மதிப்பெண்ணைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லைப் பகுதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இடம் கைநழுவிப் போவது, நான் பார்த்தவரையில், மதிப்பெண்ணைவிடச் சான்றிதழ்களால்தான் அதிகம். ஆகவே சில பதில்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ அறிவியல் படிக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் சேர விரும்புகிறாள். நாங்கள் கேரளத்தில் வசித்தாலும், அவள் பிறந்தது பொள்ளாச்சியில் என் தாய் வீட்டில். கேரளத்தில் விண்ணப்பிப்பதா, தமிழ்நாட்டிலா? எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

மதிப்பெண்ணை முதலில் பார்த்துவிடுவோம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி, நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் சேர, இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களையும் சேர்த்துக் குறைந்தது 45 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இது 40 சதவீதம். ஆங்கிலத்தில் தனியாகத் தேர்ச்சி பெற்றிருப்பதும் கட்டாயம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். 35 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது.

கேரள மேல்நிலைத் தேர்வில் ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண் என்பதால், இந்த மூன்று பாடங்களுக்கும் சேர்த்து 600 ஆகிறது. ஒரு மாணவி இயற்பியலில் 92, வேதியியலில் 81, உயிரியலில் 118 பெற்றிருந்தால் மொத்தம் 291, அதாவது 48.5 சதவீதம். தேசிய வரம்பை அவர் தாண்டிவிட்டார். தமிழிலும் கணிதத்திலும் அவர் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும் அவை இந்தக் கணக்கில் சேரா. ஆனால் 45 சதவீதம் என்பது விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டுமே. மாநிலங்கள் தங்கள் சேர்க்கைக் கையேட்டில் இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். அரசுக் கல்லூரி இடங்கள் தரவரிசைப்படி நிரம்புவதால், அங்கே இடம் கிடைப்பவர்களின் மதிப்பெண் இந்த வரம்புக்கு வெகு உயரத்தில்தான் நிற்கும்.

இனி மாநிலத்தைப் பற்றி. கேரளத்தில் அரசு நர்சிங் கல்லூரி இடங்களையும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒதுக்கும் இடங்களையும் திருவனந்தபுரத்தில் உள்ள எல்.பி.எஸ். மையம் இணையவழி அலாட்மென்ட் மூலம் நிரப்புகிறது. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வு நடத்துகிறது. அரசு இடம் வேண்டுமானால் இரண்டிலும் அந்தந்த மாநிலத்தவர் என்பதை நிரூபிக்க வேண்டும். உங்கள் குடும்பம் கேரளத்தில் வாழ்கிறது, மகளும் கேரளப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்பதால், உங்களுக்கு இயல்பான வழி எல்.பி.எஸ். மையம்தான். தமிழ்நாட்டில் தனியார் கல்லூரிகளின் மேனேஜ்மென்ட் இடங்களுக்கு முயலலாம். அரசு இடத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அதனால்தான் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் வளரும் பல பிள்ளைகளின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த ஊர் பொள்ளாச்சி என்றோ கோயம்புத்தூர் என்றோ இருக்கிறது. மகளின் பிறந்த ஊரைக் காட்டிக் கேரளத்தவர் என்று நிரூபிக்க உங்களால் இயலாது. ஆனால் பெற்றோரில் ஒருவர் கேரளத்தில் பிறந்தவர் என்பதற்கான சான்று இருந்தால் போதுமானது. உங்கள் கணவர் கேரளத்தில் பிறந்தவராக இருந்தால், அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையோ பிறப்புச் சான்றிதழையோ, அவர்தான் மகளின் தந்தை என்பதைக் காட்டும் ஆவணத்தையும் இணைத்து, வில்லேஜ் ஆபீசரிடம் நேட்டிவிட்டி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கேரள அரசின் இணையச் சேவை மையமான அட்சயா மையத்திலேயே இணையவழியில் இதைச் செய்யலாம். இருவருமே தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் என்றால், கேரளத்தில் வசித்த காலத்தையும் மகள் இங்கே படித்த வகுப்புகளையும் வைத்து எந்தப் பிரிவில் சேர்க்கப்படுவாள் என்பதை அந்த ஆண்டின் கையேட்டில் பார்க்க வேண்டும்.

பெயர் எழுத்தைக் கவனியுங்கள் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். முருகேசன் என்ற தந்தையின் பெயர் பொள்ளாச்சிப் பிறப்புச் சான்றிதழில் ஆங்கில ‘ஜி’ எழுத்தோடும், கேரள ரேஷன் கார்டில் ‘கே’ எழுத்தோடும் இருக்கும். தமிழ்நாட்டு ஆவணத்தில் இனிஷியல் பெயருக்கு முன்னாலும் கேரள ஆவணத்தில் பின்னாலும் நிற்கும். சரிபார்க்கும் அதிகாரி இதை வேறொரு ஆள் என்று கருத இடம் உண்டு. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கு வில்லேஜ் ஆபீசில் ‘ஒன் அண்ட் தி சேம்’ சான்றிதழ் தருகிறார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு ஊரே அந்த அலுவலகத்தின் முன் நிற்கும். நீங்கள் இப்போதே போய் வாங்கிவிடுங்கள்.

எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். நாங்கள் மூன்று தலைமுறையாகத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வாழ்கிறோம். தமிழ்நாட்டில் உள்ள எங்கள் உறவினர்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. கேரளத்தில் எனக்குத் தர மறுக்கிறார்கள். எங்கள் சாதியின் பெயர் கேரளப் பட்டியலிலும் இருக்கிறது. பிறகு ஏன் மறுக்க வேண்டும்? நான் நர்சிங் சேர இயலாதா?
— வாசகி, வண்டிப்பெரியாறு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: நிச்சயமாகச் சேரலாம். சான்றிதழ் இல்லாவிட்டால் பொதுப் பிரிவின் மதிப்பெண் வரம்பு உங்களுக்குப் பொருந்தும். விண்ணப்பிக்கும் உரிமை பறிபோவதில்லை.

பட்டியல் சாதி என்ற தகுதி, சாதிப் பெயரை மட்டும் பொறுத்ததன்று, மாநிலத்தையும் பொறுத்தது. பட்டியல் சாதிகளைக் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்தது. அந்த நாளில் உங்கள் முன்னோர் நிரந்தரமாக எந்த மாநிலப் பகுதியில் குடியிருந்தார்களோ, அந்த மாநிலத்தின் பட்டியல்தான் உங்களுக்குப் பொருந்தும். ஒரே பெயருள்ள சாதி இரு மாநிலப் பட்டியல்களில் இருந்தாலும், ஒரு மாநிலத்தின் தகுதியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோக இயலாது. ஆந்திரத்தில் பழங்குடிச் சான்றிதழ் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மாணவர், மகாராஷ்டிரத்தில் மருத்துவக் கல்லூரி இடத்துக்கு அந்த ஒதுக்கீட்டைக் கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 1990-இல் இதையே தீர்ப்பாகச் சொன்னது. தோட்டத்தில் மூன்று தலைமுறை உழைத்த குடும்பத்துக்கு இது எவ்வளவு வேதனை தரும் என்பது எனக்குத் தெரியும். பிறந்து வளர்ந்த மண்ணில் ஒதுக்கீடு இல்லை, பார்த்தே இராத மண்ணில் இருக்கிறது என்பது நியாயமான நிலையாக எனக்கும் தோன்றவில்லை. ஆனாலும் சட்டம் இன்று இப்படித்தான் இருக்கிறது. அதற்குள் உங்களுக்கு உள்ள வழியைத் தேட வேண்டும்.

உங்கள் தாத்தா தோட்டத்துக்கு வந்த ஆண்டு எது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 1950-க்கு முன்பே உங்கள் தாலுகாவான பீருமேட்டில் குடியேறிவிட்டார் என்று நிரூபிக்க முடிந்தால், கேரளச் சான்றிதழுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. தோட்டத் தொழிலாளிக்குப் பட்டாவோ வீட்டு வரி ரசீதோ இருந்திருக்காது என்பதால் வேறு இடங்களில் தேடுங்கள். தோட்ட அலுவலகத்தின் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), தாத்தாவின் பிள்ளைகளைச் சேர்த்த தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் பெயர் இருக்கலாம். பள்ளிப் பதிவேட்டின் நகலைத் தலைமையாசிரியரின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். தாசில்தார் மறுத்தால், என்ன காரணத்தால் மறுக்கிறார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியான மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை.

1950-க்குப் பிறகுதான் வந்தார் என்றால், தமிழ்நாட்டில் உங்கள் தந்தை வழியில் வழங்கப்பட்ட சான்றிதழைக் காட்டி, தமிழ்நாட்டுப் பட்டியலைச் சேர்ந்தவர் என்ற சான்றிதழை நீங்கள் இப்போது வசிக்கும் மாநிலத்திலேயே பெறுவதற்கு மத்திய அரசின் வழிகாட்டுதலில் இடம் இருக்கிறது. அது கேரள மாநில ஒதுக்கீட்டுக்கு உதவாது. மத்திய அரசின் நிறுவனங்களில் செல்லும். எய்ம்ஸ் நிறுவனங்கள் பி.எஸ்சி. ஆனர்ஸ் நர்சிங் படிப்புக்குப் பெண்களுக்கெனத் தனி நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. அங்கே பொதுப் பிரிவினருக்கு 55, பட்டியல் பிரிவினருக்கு 50 சதவீதம் வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் நீட் மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கிறது. நீட் தேர்வுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ முடிவுகளுக்கு வெகு முன்பே முடிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

கேரளச் சான்றிதழ் கிடைத்துவிட்டால், அரசு ஒதுக்கீட்டு இடத்தில் சேரும்போது இ-கிரான்ட்ஸ் திட்டத்தில் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் கிடைக்கும். லயத்துக் குடும்பத்துக்கு நான்கு ஆண்டுக் கட்டணம் என்பது சிறிய தொகையன்று. அந்தப் பழைய பதிவேட்டைத் தேடி அலைவதற்கு இதுவே போதிய காரணம்.

நான் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு. செவிலியர் ஆவது என் விருப்பம். வழியே இல்லையா?
— வாசகி, வேலந்தாவளம்

பி.எஸ்சி. நர்சிங்குக்கு வழியில்லை, அதற்கு அறிவியல் பாடங்கள் கட்டாயம். மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேறு) டிப்ளமோவுக்கு, எந்தப் பிரிவானாலும் பிளஸ் டூவில் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் இருந்தால் தேசிய விதி அனுமதிக்கிறது. அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்பதால் அரசு நர்சிங் பள்ளிகளில் உங்களுக்கு இடம் கிடைப்பது கடினம்; தனியார் நர்சிங் பள்ளிகளில் கிடைக்கும். ஜி.என்.எம். முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள், பிறகு இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களையும் ஆங்கிலத்தையும் எழுதித் தேர்ச்சி பெற்றால் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் தகுதி உண்டு. ஒரு ஆண்டு கூடுதலாகச் செலவிட வீட்டில் சம்மதித்தால் இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. நர்சிங் இடம் வாங்கித் தருவதாக எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். முன்பணமும் என் மகளின் அசல் சான்றிதழ்களும் உடனே வேண்டுமாம். வகுப்புக்குத் தினமும் போக வேண்டியதில்லை, தேர்வுக்குப் போனால் போதும் என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், குமுளி

கொடுக்காதீர்கள். வகுப்புக்குப் போக வேண்டியதில்லை என்ற சொல் ஒன்றே அவரை நீங்கள் நம்பக் கூடாது என்பதற்குப் போதுமானது. பி.எஸ்சி. நர்சிங் தேர்வு எழுத வகுப்பிலும் செய்முறைப் பயிற்சியிலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்கு முன் செய்முறைப் பயிற்சி நேரம் நூறு சதவீதமும் முடிந்திருக்க வேண்டும். வருகைப் பதிவை யாராவது போலியாக நிரப்பித் தருவார்கள் என்று வைத்துக்கொண்டாலும், நரம்பில் ஊசி ஏற்றிப் பழகாத, மருந்தின் அளவைக் கணக்கிட்டுப் பழகாத ஒரு பெண், ஒரு நோயாளியின் கட்டிலருகே இரவுப் பணியில் தனியாக நிற்கும் நாள் வரும். அந்த நோயாளியை நினைத்துப் பாருங்கள். உங்கள் மகளையும் நினைத்துப் பாருங்கள்.

எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டும் முன் மூன்று அங்கீகாரங்களை நீங்களே சரிபார்க்க வேண்டும். அந்தக் கல்லூரி அந்த மாநிலத்தின் நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா, மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இந்தக் கல்வியாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கேரளத்தில் இணைப்பு தருவது திருச்சூரில் உள்ள கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். எத்தனை இடங்களுக்கு அனுமதி என்பதும் முக்கியம். 40 இடத்துக்கு அனுமதி பெற்ற கல்லூரி 60 பேரைச் சேர்த்தால், மிஞ்சிய 20 பேரின் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் போகாது. முதல் தேர்வின்போதுதான் அது தெரியவரும்.

அங்கீகாரம் சரியாக இருந்தால், ஒரு வேலை நாளின் காலையில் மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்ப்பதைவிட மருத்துவமனையைப் பாருங்கள். நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக, பொதுவாக 100 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. வார்டுகளில் நோயாளிகள் இருக்கிறார்களா, சீருடையில் மாணவிகள் வேலை செய்கிறார்களா, பிரசவ அறை இயங்குகிறதா என்று பாருங்கள். கடைசி ஆண்டு மாணவி ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசினால், எந்த விளம்பரத் தாளும் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கல்வி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கல்லூரியே வைத்துக்கொள்ளக் கூடாத சான்றிதழை ஏஜென்டிடம் எந்த நியாயத்தில் கொடுப்பது? பணத்தையும் கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தி ரசீது வாங்குங்கள். கல்விக் கடன் வாங்க நினைத்தால், மேனேஜ்மென்ட் இடத்துக்குக் கடன் தருவார்களா என்பதை வங்கி மேலாளரிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கல்லூரியோடு பேசுங்கள். இடம் உறுதியான பிறகு வங்கி மறுத்தால் கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஆண்கள் நர்சிங் படிக்கலாமா? எனக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் சிறிது குறை உண்டு.
— வாசகர், மூணாறு

தாராளமாகப் படிக்கலாம். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். இரண்டிலும் ஆண்களைச் சேர்க்கிறார்கள். இடங்களின் எண்ணிக்கை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், சில அரசு நிறுவனங்களில் பெண்கள் மட்டுமே. நிறக்குறை உள்ளவர்கள், அதைச் சரிசெய்யும் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ அணிந்தால் பி.எஸ்சி. நர்சிங்கில் சேரத் தகுதியுடையவர்கள் என்று 2021 விதியே சொல்கிறது. விண்ணப்பத்துக்கு முன் கண் மருத்துவரிடம் பரிசோதித்துச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். உடல்தகுதிச் சான்றிதழின்போது மறைக்க வேண்டாம். மருந்துப் புட்டியின் நிறமும் நோயாளியின் தோலில் தெரியும் நீலமும் உங்கள் தொழிலில் ஒவ்வொரு நாளும் வரும்.

நான் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படித்தவள். கொல்லம் மாவட்டத்தில் உள்ள தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர நினைக்கிறேன். பேருந்தில் சென்று வரும் தொலைவுதான். மலையாளம் தெரியாது, ஆங்கிலமும் சுமார்தான். படித்து முடித்துத் தமிழ்நாட்டில் வேலை பார்க்க முடியுமா?
— வாசகி, செங்கோட்டை

முடியும். நீங்கள் வேறு மாநில வாரியத்தில் படித்தவர் என்பதால் கேரளப் பல்கலைக்கழகம் தகுதிச் சான்றிதழ் கேட்கும். பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழும், வாரியத்திலிருந்து இடப்பெயர்வுச் சான்றிதழும் வாங்க வேண்டும். இவற்றை யார் விண்ணப்பித்துப் பெற்றுத் தருவது, எந்த நாளுக்குள் ஒப்படைப்பது என்று கல்லூரி அலுவலகத்தில் சேரும் நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பேருந்தில் தினமும் சென்று வரலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மருத்துவமனைப் பணி காலை விடிந்ததும் தொடங்கும், மாலை, இரவு முறைகளும் வரும். ஆரியங்காவு மலைப்பாதையில் அந்த நேரங்களில் ஒரு மாணவி பயணம் செய்ய முடியாது. விடுதிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் செமஸ்டரில் உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் தடுமாறுவது உண்மை. அது அறிவுக் குறையால் வருவதன்று. அந்தப் பெயர்கள் புதியவை என்பதால் வருவது. பிளஸ் டூ தேர்வுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையே உள்ள மாதங்களில் ஆங்கில வழி உயிரியல் பாடப்புத்தகத்தை வாங்கி, நீங்கள் ஏற்கெனவே தமிழில் படித்த அதே பாடங்களை ஆங்கிலத்தில் படியுங்கள். பொருள் தெரிந்த பாடம் என்பதால் சொற்கள் மட்டுமே புதிதாக இருக்கும், விரைவில் பழகிவிடும். மலையாளத்தை வார்டிலேயே கற்றுக்கொள்வீர்கள். வலி எங்கே இருக்கிறது, எப்போது தொடங்கியது, சாப்பிட்டீர்களா என்று நோயாளியிடம் கேட்கத் தெரிந்துவிட்டால் பாதி மொழி வந்துவிட்டது.

படிப்பு முடிந்ததும் முதலில் கேரள நர்சஸ் அண்டு மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பிறகு அங்கிருந்து தமிழ்நாடு கவுன்சிலுக்குப் பதிவை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கத் தமிழ்நாட்டுப் பதிவு கையில் இருக்க வேண்டும் என்பதால், கேரளப் பதிவு வந்த உடனேயே மாற்றத்துக்கு எழுதிவிடுங்கள். பதிவு எண்ணும் மதிப்பெண் பட்டியல்களும் உள்ள நகல் ஒன்றை வீட்டில் தனியாக வைத்திருங்கள்.